பள்ளி உளவியல் இன்டர்ன்ஷிப்: மேற்பார்வை என்றால் என்ன, அது ஏன் இவ்வளவு முக்கியம்?

பள்ளி மனநலப் பணிகளுக்காக ஏற்கெனவே வழங்கியிருந்த ஏறத்தாழ 100 கோடி டாலர் மானியங்களைத் தொடரப் போவதில்லை என்று 2025 ஏப்ரலில் அமெரிக்கக் கல்வித் துறை அறிவித்தது. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டத்தின் வழியாக ஒதுக்கப்பட்ட பணம் இது. மானியத்தை நிறுத்தியதை எதிர்த்து 16 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன.

இந்தச் செய்திகளில் 'இன்டர்ன்', அதாவது களத்தில் வேலை செய்துகொண்டே பயிற்சி பெறும் மாணவர், என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. மானியத்தில் ஒரு பகுதி, கல்லூரியில் பள்ளி உளவியல் படிப்பவர்களை இன்டர்ன்களாகப் பள்ளிகளுக்கு அனுப்புவதற்கும் அவர்களுக்கு மேற்பார்வை கொடுப்பதற்கும் செலவாகிக்கொண்டிருந்தது. 'படிப்பை முடித்தவர்களை நேராக வேலைக்கு எடுக்க வேண்டியதுதானே, நடுவில் இன்டர்ன்ஷிப்புக்கும் மேற்பார்வைக்கும் எதற்கு இவ்வளவு பணம்?' என்பது பலருக்கும் எழும் கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்த மேற்பார்வையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் சில அடிப்படைகள்

பள்ளி உளவியலாளர் வேறு, பள்ளி கவுன்சிலர் வேறு. கவுன்சிலர் பெரும்பாலும் பாடத் தேர்வு, மேற்படிப்பு, அன்றாட மனக்கஷ்டங்கள் ஆகியவற்றில் மாணவர்களுக்குத் துணை நிற்பவர். பள்ளி உளவியலாளர் மனநலத் துணையோடு சேர்த்து மதிப்பீடும் செய்கிறார். ஒரு குழந்தைக்கு வாசிப்பு ஏன் வரவில்லை, வகுப்பில் ஏன் அடிக்கடி கோபத்தில் வெடிக்கிறது, சிறப்புக் கல்வி தேவையா என்பதையெல்லாம் சோதனை, வகுப்பறைக் கவனிப்பு, பெற்றோர், ஆசிரியருடன் பேச்சு என்று பல வழிகளில் ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார். அந்த அறிக்கையை வைத்து ஒரு குழு முடிவெடுக்கிறது. அந்தக் குழுவில் பெற்றோரும் உண்டு.

இந்த வேலையின் வேர் 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய உளவியல் மருத்துவமனை வரை போகிறது. ஆனால் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பள்ளி உளவியலாளர் தேவை என்ற நிலையை உண்டாக்கியது 1975-இன் கூட்டாட்சிச் சட்டம். மாற்றுத்திறன் கொண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமான, பொருத்தமான பொதுக் கல்வி என்று அது உறுதி சொன்னது. இன்று அது 'ஐடியா' (ஆங்கிலச் சுருக்கம் IDEA) சட்டம் என்ற பெயரில் வழங்குகிறது.

பயிற்சிக்கான அளவுகோலை வகுப்பது 1969-இல் தொடங்கிய தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம். சுருக்கமாக நாஸ்ப் என்பார்கள். அதன் தரநிலைப்படி, பணிக்குத் தகுதி தரும் 'ஸ்பெஷலிஸ்ட்' நிலைப் படிப்பு என்பது இளங்கலைக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு முழுநேரப் படிப்பு, 60 கிரெடிட். அதன் கடைசிக் கட்டம் இன்டர்ன்ஷிப். குறைந்தது 1,200 மணி நேரம், அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியிலேயே. முழுநேரமாக ஓர் ஆண்டிலோ அரைநேரமாக அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலோ முடிக்கலாம். முனைவர் பட்ட நிலையில் இது 1,500 மணி நேரமாகிறது.

இன்டர்ன்ஷிப்புக்கு முன்பே 'ப்ராக்டிகம்' என்ற களப்பயிற்சி உண்டு. அங்கே மாணவர் ஒவ்வொரு திறனையும் தனித்தனியாகப் பழகுகிறார்: ஒரு சோதனை, ஒரு கவனிப்பு, ஒரு பேட்டி. இன்டர்ன்ஷிப்பில் அத்தனையும் ஒரே நாளில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. காலையில் சோதனைக்கு உட்கார்ந்த குழந்தை பாதியில் அழுதுவிடும். பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். நடுவில் துணை முதல்வர் கதவைத் தட்டி, 'ஒரு பையன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், கொஞ்சம் வர முடியுமா?' என்பார். எதை முதலில் செய்வது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

## ஒரு இன்டர்ன், இரண்டு மேற்பார்வையாளர்கள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இன்டர்னுக்கு மேலே ஒருவர் இல்லை, இருவர்.

1. கள மேற்பார்வையாளர். பள்ளி மாவட்டத்தில் வேலை செய்யும், மாநிலச் சான்று பெற்ற பள்ளி உளவியலாளர். முழுநேர இன்டர்னுக்கு வாரத்துக்குச் சராசரி 2 மணி நேரமாவது இவர் மேற்பார்வை கொடுக்க வேண்டும். இன்டர்ன் எழுதும் அறிக்கையில் இவரும் கையெழுத்திடுவது வழக்கம்.

2. கல்லூரி மேற்பார்வையாளர். படிப்பை நடத்தும் துறையின் பேராசிரியர். இன்டர்ன்ஷிப் கருத்தரங்க வகுப்பை நடத்துவது, இடையிடையே பள்ளிக்குப் போய்ப் பார்ப்பது, மாதிரி அறிக்கைகளைத் திருத்துவது, கடைசியில் தேர்ச்சி போடுவது எல்லாம் இவர் பொறுப்பு.

இவர்களை இணைப்பது ஓர் எழுத்து உடன்பாடு. கல்லூரி, பள்ளி மாவட்டம், இன்டர்ன் ஆகிய மூவரும் ஏற்கும் ஒப்பந்தம். எத்தனை மணி நேரம், எந்தெந்த வேலை, ஊதியம் உண்டா, யார் மேற்பார்வை, பிரச்சினை வந்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதோடு பள்ளி முதல்வரும் இருக்கிறார். வருகை, விடுப்பு, பள்ளி விதிகள் குறித்து அவர் இன்டர்னுக்கு உத்தரவிடலாம். அது நிர்வாக மேற்பார்வை. ஒரு குழந்தையின் சோதனை முடிவை எப்படிப் படிப்பது என்று சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. அது தொழில்முறை மேற்பார்வை. இரண்டையும் கலந்துவிட்டால் இன்டர்ன் தவிப்பார். 'இந்தப் பிள்ளையைச் சீக்கிரம் சிறப்புக் கல்விக்கு மாற்றிவிடுங்கள்' என்று முதல்வர் சொல்ல, தரவு வேறு திசையைக் காட்டும். அந்த இடத்தில் முதல்வரிடம் 'இல்லை' என்று சொல்வதற்கு இன்டர்னுக்கு ஒரு முதுகெலும்பு தேவை. கள மேற்பார்வையாளர்தான் அது.

## கேட்டுத் தெரிந்துகொள்வதும் பார்த்துத் தெரிந்துகொள்வதும்

மேற்பார்வை என்று பல இடங்களில் நடப்பது இதுதான். வாரம் ஒருநாள் இருவரும் உட்காருகிறார்கள். இன்டர்ன் தான் செய்ததைச் சொல்கிறார், மேற்பார்வையாளர் கேட்டுவிட்டு யோசனை சொல்கிறார். இது தேவைதான். ஆனால் இதோடு நின்றுவிட்டால், என் பார்வையில், பாதி மேற்பார்வை நடக்கவே இல்லை. தனக்குத் தெரியாத தவறை யாராலும் சொல்ல முடியாது. சொல்பவர் நேர்மையானவராக இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு எளிய எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதில் முதல் வேலை, குழந்தையின் வயதைத் துல்லியமாகக் கணக்கிடுவது. பிறந்த நாள் 2015 நவம்பர் 20, சோதனை நாள் 2025 மார்ச் 5 என்று வைத்துக்கொள்வோம். 5-இல் 20 போகாது. மாதத்திலிருந்து 30 நாள் கடன் வாங்கினால் 35, அதில் 20 போக 15 நாள். கடன் கொடுத்த மார்ச் இப்போது 2 ஆகிவிட்டது. 2-இல் 11 போகாது. ஆண்டிலிருந்து 12 கடன் வாங்கினால் 14, அதில் 11 போக 3 மாதம். 2024-இல் 2015 போக 9 ஆண்டு. விடை: 9 ஆண்டு, 3 மாதம், 15 நாள்.

மாதத்திலிருந்து கடன் வாங்கியதை மறந்துவிட்டால் விடை 9 ஆண்டு, 4 மாதம், 15 நாள் என்றாகிறது. ஒரு மாதம்தானே என்று தோன்றும். ஆனால் குழந்தையை அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட உதவும் இந்தச் சோதனையின் அட்டவணைகள் நான்கு மாதத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டவை. 9 ஆண்டு 3 மாதக் குழந்தை ஓர் அட்டவணையில் இருக்கிறது, 9 ஆண்டு 4 மாதக் குழந்தை அடுத்த அட்டவணைக்குப் போய்விடுகிறது. அதாவது தன்னைவிட மூத்த குழந்தைகளோடு ஒப்பிடப்பட்டு, செய்ததைவிடக் குறைந்த மதிப்பெண் பெற வாய்ப்பு உண்டு. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிச் சிதறும் அளவு) 15 என்ற அளவுகோலில் 70-ஐ ஒட்டி நிற்கும் ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று புள்ளிகள் பெரிய விஷயம். அறிவுசார் குறைபாடு என்ற பெயர் விழுமா விழாதா என்ற பேச்சு அங்கேதான் நடக்கிறது.

இந்தத் தவறை இன்டர்ன் வாரக் கூட்டத்தில் சொல்லவே மாட்டார், அது தவறு என்றே அவருக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் விடைத்தாளை விரித்துவைத்து, முதல் பக்கத்திலிருந்து தானே கூட்டிப் பார்த்தால்தான் அகப்படும். பட்டமேற்படிப்பு மாணவர்கள் நுண்ணறிவுச் சோதனைகளை நடத்துவதிலும் மதிப்பெண் போடுவதிலும் அடிக்கடி தவறுகிறார்கள் என்பதை ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகக் காட்டிவருகின்றன. கணினியே மதிப்பெண் போட்டாலும், குழந்தை தயங்கிச் சொன்ன பதிலுக்கு 1 புள்ளியா 2 புள்ளியா என்று முடிவு செய்வது சோதிப்பவர்தான்.

அதனால் நேரடியாகப் பார்ப்பதற்கு ஏற்கத்தக்க வழிகள் இவை:

- இன்டர்ன் சோதனை நடத்தும் அறையின் ஓரத்தில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருப்பது;
- பெற்றோரின் எழுத்து அனுமதியோடு ஒலி அல்லது ஒளிப்பதிவு எடுத்துப் பின்னர் இருவருமாகப் பார்ப்பது;
- ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு விடைத்தாளையும் முழுக்கச் சரிபார்த்து, தவறு குறையக் குறைய அதைத் தளர்த்துவது;
- பெற்றோர் கூட்டத்தில் கூடவே இருந்து, பேச்சை இன்டர்ன் நடத்துவதைக் கவனிப்பது.

கடைசியில் சொன்னதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் அம்மாவிடம் 'உங்கள் மகனின் செயல்முறை வேகக் குறியீடு 78' என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகும் இன்டர்னை அறிக்கையின் வழியாகக் கண்டுபிடிக்க முடியாது. அறிக்கை நன்றாகவே இருக்கும். அந்த அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே மூன்று பக்கமும் கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதை அறையில் இருப்பவர்தான் பார்க்க முடியும்.

## மேற்பார்வையாளர் எந்த நாற்காலியில் உட்காருகிறார்?

உளவியல் மேற்பார்வைக்குப் பல கோட்பாட்டு மாதிரிகள் உண்டு. நடைமுறையில் அதிகம் கைகொடுப்பது ஜனைன் பெர்னார்ட் 1979-இல் முன்வைத்த வகைப்பாடு. மேற்பார்வையாளருக்கு மூன்று பாத்திரங்கள் என்கிறது அது: ஆசிரியர், கவுன்சிலர், ஆலோசகர். எந்த நேரத்தில் எதை எடுப்பது என்பதை இன்டர்னின் தேவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு மாணவன் சக மாணவர்களை அடிக்கிறான். இன்டர்ன் ஒரு நடத்தைத் திட்டம் எழுதிக் கொடுக்கிறார். ஆசிரியர் அதைச் செய்யவில்லை. இன்டர்ன் வந்து, 'அந்த ஆசிரியருக்கு அக்கறையே இல்லை' என்கிறார்.

- *ஆசிரியராக:* அடிப்பதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பதிவு செய்தீர்களா? இல்லையென்றால் எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன்.
- *ஆலோசகராக:* 28 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பெழுதச் சொல்லும் திட்டத்தை நீங்கள் ஆசிரியராக இருந்தால் செய்வீர்களா? வேறு எப்படி அமைக்கலாம்?
- *கவுன்சிலராக:* அவர் செய்யவில்லை என்றதும் உங்களுக்கு இவ்வளவு கோபம் வந்ததே, அது எதைத் தொட்டது?

மூன்றாவதில் கவனம் வேண்டும். இன்டர்னின் உணர்ச்சி வேலையைத் தொடும் அளவுக்கு மட்டுமே அது பேச்சுக்கு வரலாம். அதற்கு மேல் போனால் மேற்பார்வையே சிகிச்சையாகிவிடும். தேர்ச்சி போடும் அதிகாரம் கையில் இருப்பவர், தன் மாணவருக்கே சிகிச்சையாளராகவும் இருக்கக்கூடாது.

ஆண்டு ஓட ஓடப் பாத்திரம் மாற வேண்டும். பள்ளி ஆண்டின் தொடக்கமான செப்டம்பரில் இன்டர்ன் 'என்ன செய்யட்டும்?' என்று கேட்டால் பதில் சொல்லலாம். மார்ச்சிலும் அதே கேள்விக்கு உடனே பதில் சொல்லிக்கொண்டிருந்தால், ஜூனில் தனியாக நிற்க வேண்டியவர் இன்னும் கைபிடித்தே நடக்கிறார் என்று பொருள்.

## கல்லூரி வகுப்பின் வேலை என்ன?

கள மேற்பார்வையாளர் இருக்கும்போது கல்லூரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பள்ளியில் இருக்கும் பழக்கமே உலக வழக்கம் என்று இன்டர்ன் எண்ணிவிடக் கூடாது. அதற்காகத்தான்.

கருத்தரங்கில் பல மாவட்டங்களின் இன்டர்ன்கள் ஒன்றாக உட்காருகிறார்கள். ஒருவர் பள்ளியில் தாய்மொழி ஆங்கிலம் அல்லாத குழந்தையை ஆங்கிலத்திலேயே சோதிப்பது வழக்கமாக இருக்கும். இன்னொருவர் மாவட்டத்தில் இருமொழி மதிப்பீட்டாளர் வராமல் சோதனையே தொடங்காது. ஐடியா சட்டம் சொல்வது, சாத்தியமே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தாலொழிய, குழந்தையின் தாய்மொழியிலோ அதற்கு வழக்கமான தொடர்பு முறையிலோ மதிப்பிட வேண்டும் என்பதுதான். இரண்டு இன்டர்ன்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் அறிக்கைகளை வாசிக்கும்போது இந்த வேறுபாடு தானாக வெளியே வருகிறது.

1979-இன் 'லாரி பி.' வழக்கும் அந்த மேசைக்கு வர வேண்டும். நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணை வைத்துக் கறுப்பினக் குழந்தைகள் மிகை விகிதத்தில் அறிவுக்குறைபாட்டு வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டதைக் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அதில் தடுத்தது. சோதனைப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு இன்டர்னும் அந்த வரலாற்றின் தொடர்ச்சியில்தான் உட்காருகிறார்.

வகுப்புக்குக் கொண்டுவரும் தரவில் பெயர், பள்ளி, பிறந்த தேதி எதுவும் இருக்கக் கூடாது. 1974-இன் கல்வி ஆவணத் தனியுரிமைச் சட்டமான ஃபெர்பா, மாணவர் பதிவேடுகளைப் பெற்றோரின் அனுமதியின்றி வெளியே கொடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. நினைவுக்காகத் தனக்கென்று மட்டும் வைத்திருக்கும் குறிப்பு, அந்தச் சட்டப்படி கல்விப் பதிவேடு ஆகாது. ஆனால் பிறரிடம் காட்டிய பின் அந்த விலக்கு நிற்காது. இன்டர்ன் தன் குறிப்பேட்டை மேற்பார்வையில் விரித்துவைக்கும் முன்பே இதைத் தெரிந்திருக்க வேண்டும். யாராவது ஒருநாள் கேட்டால் காட்ட முடியாத எதையும் அதில் எழுதாமலிருப்பதே பாதுகாப்பு.

## பொறுப்பு யார் தலையில்?

இன்டர்னுக்குத் தனியாகப் பணிபுரியும் உரிமை இன்னும் இல்லை. அவர் செய்வதெல்லாம் இன்னொருவரின் சான்றின் கீழ் நடக்கிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். தங்கள் குழந்தையைப் பார்ப்பவர் பயிற்சியில் இருப்பவர் என்பதையும் மேற்பார்வையாளர் யார் என்பதையும் பெற்றோர் அறிந்தே ஒப்புதல் தர வேண்டும்.

2. காலக்கெடு இன்டர்னுக்காகக் காத்திருக்காது. பெற்றோர் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 60 நாளில் முதல் மதிப்பீடு முடிய வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலம் தனக்கென்று வேறு கெடு வைத்திருந்தால் அது செல்லும். இன்டர்னுக்கு அறிக்கை எழுத நேரமாகிறது என்பது காரணமாகாது.

3. உயிருக்கு ஆபத்து என்றால் இன்டர்ன் தனியாக முடிவெடுக்கக் கூடாது. தற்கொலை எண்ணம், பிறரைத் தாக்கும் மிரட்டல் எதுவானாலும், அந்த மாணவர் அறையை விட்டுப் போகும் முன்பே மேற்பார்வையாளருக்குத் தகவல் போக வேண்டும். அவர் இல்லாத நாளில் யார் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதற்குப் பின்னால் நீண்ட சட்ட வரலாறு இருக்கிறது. 1969-இல் கலிஃபோர்னியாவில் டாட்டியானா டாராசாஃப் என்ற மாணவி கொல்லப்பட்டார். கொன்றவர் தன் எண்ணத்தை ஏற்கெனவே தன் உளவியலாளரிடம் சொல்லியிருந்தார். பெற்றோர் தொடுத்த வழக்கில் அந்த உளவியலாளரோடு அவருக்கு மேலிருந்தவர்களும் பிரதிவாதிகளாக நிறுத்தப்பட்டார்கள். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை உண்டு என்று 1976-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது. இன்டர்ன் தன் மாநில விதியை முதல் வாரத்திலேயே வாசித்தாக வேண்டும்.

## 'இவரை அனுப்ப முடியாது' என்று சொல்லும் கடமை

கல்லூரி மேற்பார்வையாளரின் வேலையில் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான். அதனாலேயே தள்ளிப்போடப்படுவதும் இதுதான். மூன்று ஆண்டு படித்து, கடன் வாங்கி, கடைசிப் படியில் நிற்கும் மாணவரிடம் 'நீங்கள் இன்னும் தயாராகவில்லை' என்று சொல்வது யாருக்கும் எளிதல்ல. ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது, அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் மேசைக்கு வரப்போகும் குழந்தைகள்.

சரியாகச் செய்தால் அது திடீர்த் தீர்ப்பாக வராது. எதிர்பார்ப்புகள் ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்தில் இருக்கும். ஆண்டின் நடுவில் முறையான மதிப்பீடு நடக்கும். குறை கண்டால் எந்தத் திறன், என்ன உதவி, எந்தத் தேதிக்குள் என்ற தெளிவோடு முன்னேற்றத் திட்டம் போடப்படும். ஒவ்வொரு பேச்சும் பதிவாகும். நீதிமன்றங்களும் இந்தப் பாதையை மதித்திருக்கின்றன. 1978-இன் ஹொரோவிட்ஸ் வழக்கில், களப்பணியில் போதிய தரம் இல்லை என்று பலமுறை எச்சரிக்கப்பட்டு நீக்கப்பட்ட மருத்துவ மாணவி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்வு மதிப்பெண் நன்றாக இருந்தும், களத்தில் கண்ட குறையை வைத்துக் கல்லூரி கவனமாக எடுத்த கல்வி முடிவில் நீதிமன்றம் தலையிடவில்லை.

'கண்ணால் பார்க்க வேண்டும்' என்று மேலே சொன்னது இங்கே மீண்டும் முக்கியமாகிறது. நேரில் பார்த்துப் பதிந்தவை இல்லாத மேற்பார்வையாளரிடம் ஆண்டின் இறுதியில் மனக்குறை மட்டுமே இருக்கும். மனக்குறையை வைத்து ஒருவரை நிறுத்தவும் முடியாது, நிறுத்துவது நியாயமும் ஆகாது.

## இனி மானியச் செய்திக்கு வருவோம்

500 மாணவருக்கு ஒரு பள்ளி உளவியலாளர் என்பது நாஸ்ப் பரிந்துரை. நாட்டுச் சராசரியில் ஒருவர் தலையில் 1,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். 'ஆள் போதவில்லை, அதனால் கல்லூரி இடங்களைக் கூட்டுவோம்' என்பது முதலில் தோன்றும் தீர்வு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 2 மணி நேரம், 36 வாரப் பள்ளி ஆண்டு என்றால் ஒரு இன்டர்னுக்குக் கள மேற்பார்வை மட்டும் 72 மணி நேரம். விடைத்தாள் சரிபார்ப்பு, கூட்டத்தில் உடனிருப்பது, அறிக்கைத் திருத்தம் எல்லாம் அதற்கு மேல். இத்தனையையும் கொடுக்க வேண்டியவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சுமக்கும் அதே பள்ளி உளவியலாளர். பல மாவட்டங்களில் அவருக்கு இதற்காக வேலைப்பளுவும் குறையாது, கூடுதல் ஊதியமும் கிடையாது. ஆள் பற்றாக்குறை எங்கே கடுமையோ, அங்கேதான் மேற்பார்வையாளர் கிடைப்பதும் அரிது. அதனால் இன்டர்ன் வசதியான மாவட்டத்துக்குப் போகிறார், பயிற்சி முடிந்ததும் பெரும்பாலும் அங்கேயே வேலையில் சேர்கிறார்.

மானியம் உடைக்க முயன்றது இந்தச் சுழலைத்தான். தேவை அதிகமுள்ள மாவட்டத்தில் இன்டர்னுக்கு ஊதியம், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு நேரம், அதை இணைக்கக் கல்லூரியில் ஒருவர் என்பது அதன் வடிவம். பல ஆண்டுத் திட்டம் நடுவில் நிற்கும்போது உதவித்தொகை போவது வெளியே தெரிகிறது. அந்த மாவட்டத்தில் மேற்பார்வைக்கென்று ஒதுக்கிய மணி நேரங்களும் அதோடு போகின்றன என்பது செய்தியில் வருவதில்லை.

காணொளி வழி மேற்பார்வையால் ஊரகத்தைச் சமாளிக்கலாமே என்பது அடுத்து வரும் யோசனை. அறிக்கைத் திருத்தத்துக்கும் ஒவ்வொரு குழந்தையைப் பற்றிய கலந்துபேச்சுக்கும் அது நன்றாகவே உதவும். விடைத்தாளைப் பாதுகாப்பான வழியில் அனுப்பிப் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு மாணவி 'இன்று இரவு எனக்கு ஏதாவது ஆகிவிடும்' என்று இன்டர்னிடம் சொல்லும்போது, ஒரே கட்டடத்திலோ பத்து நிமிடத் தொலைவிலோ சான்று பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஏற்பாட்டையும் உடன்பாட்டில் எழுதித் தந்தால்தான் அந்தப் பள்ளிக்கு ஒரு கல்லூரி இன்டர்னை அனுப்ப வேண்டும்.